ஆளில்லாத நேரத்தில் எடுத்த அளவு

நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணியைப் பாப்பா என்று கூப்பிடுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் வீட்டில் கடைசியாகப் பிறந்தவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு சுரண்டி எடுக்க முடியாது. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது அவளை அப்படிக் கூப்பிட மிச்சமிருப்பது வேறு ஊரில் இருக்கும் அண்ணன் ஒருவன்தான். அவனும் ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் கூப்பிடுகிறான். ஒரு பெயர் வீணாகப் போகிறதே என்று நானும் அவளைப் பாப்பா என்றே சொல்லப்போகிறேன்.

பாப்பா ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவள். அடுத்தவர் வீட்டில் தீப்பிடித்த கதையையும் தண்ணீர் புகுந்த கதையையும் படித்துப் படித்து முத்திரை குத்துகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா. அம்மா கடைசி வருஷங்களில் படுத்த படுக்கை. படுத்த இடத்திலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டின் சாயம் போன சுவர் மட்டும்தான் தெரியும். ஒரு நாள் பாப்பா கட்டிலில் அம்மா பக்கத்தில் தானும் படுத்துப் பார்த்தாள். அடக் கடவுளே, இதையா நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுந்து உட்கார்ந்தாள். மறுநாளே பால்கனியில் தொட்டிகள் வைத்தாள். எது உயரமாக இருந்தால் சுவரை மறைக்கும், எந்தப் பூ காலை வெயிலில் கண்ணுக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு ஓடிவந்து படுத்துப் பார்ப்பாள். மறுபடி எழுந்து போய் நகர்த்துவாள். அம்மா சிரித்தது அந்தத் தொட்டிகளைப் பார்த்தா, மகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தா என்று தெரியாது. சிரித்தாள்.

அம்மா போன பிறகு அந்தக் கட்டிலை எடுத்த இடம் காலியாகவே கிடந்தது. பாப்பா சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்து தோட்டம் வடிவமைக்கும் படிப்பைப் படித்தாள். அண்ணன் போனில் சிரித்தான்.

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா பாப்பா?"

"அம்பதுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு அண்ணா."

படித்து முடித்துச் சான்றிதழும் வாங்கினாள். கீழ்வீட்டுக்காரர், "தோட்டக்காரி ஆயிட்டீங்களாமே, நம்ம வாசல்ல நாலு களை புடுங்கி விடுறது" என்றார். பாப்பா சிரித்துவிட்டு மாடியேறினாள். ஏறிய பிறகு கோபம் வந்தது. பதில் எல்லாம் அவளுக்கு மாடியேறிய பிறகுதான் வரும்.

ஆபீசில் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார்கள். அதற்குள் ஒரு வேலை, ஒரே ஒரு தோட்டம், கைக்கு வந்துவிட்டால் ராஜினாமா. வராவிட்டால் பழைய நாற்காலி, பழைய முத்திரை, தலையெழுத்து என்று போய் உட்கார்ந்துவிடுவது. இந்த ஒப்பந்தத்தை அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மூச்சு விடுவதற்கு ஆள் யார் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் யோசனை சொல்வார்கள். கார்டு அடி, நர்சரியில் ஒட்டு, படம் எடுத்துப் போடு. ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேசை முன்னால் உட்கார்ந்தால் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆபீஸ் எரிச்சலான இடம்தான். ஆனால் அங்கே பக்கத்து மேசைக்காரி தும்மினால்கூட ஒரு துணை. இங்கே பாப்பா பென்சிலைச் சீவினாள். சீவிய பென்சிலை மறுபடி சீவினாள். நர்சரிக்குப் போன் செய்து, தேவையே இல்லாத செடி இருக்கிறதா என்று கேட்டாள். "இல்லைங்க" என்று அவர்கள் சொன்ன பிறகும் உடனே வைக்க மனசில்லாமல், "எப்ப வரும்?" என்றாள். ஒரு தடவை பஸ் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொன்னபோது தொண்டை கட்டி, குரல் கரகரவென்று வந்தது. அன்றைக்கு அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு. அதற்கு முந்தின நாளும் பேசியதாக நினைவில்லை.

விடுப்பு பாதிக்கு மேல் கரைந்தபோது ஒரு மரக்கடைக்காரர் போன் செய்தார். நர்சரிச் சுவரில் கார்டைப் பார்த்தாராம். வீட்டுப் பின்பக்கம் பெரிய இடம் சும்மா கிடக்கிறது, அழகாகச் செய்து தர வேண்டும் என்றார். பின்னால் ரம்பம் ஓடும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியே பாப்பாவுக்குப் போதுமாயிருந்தது.

"அளவெடுக்க எப்ப வரலாம் சார்? வீட்ல யாரும் இல்லாத நேரமா இருந்தா நல்லது. உங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாது."

"அட, நல்ல மேடமா இருக்கீங்களே! காலைல பத்தரைக்கு மேல வந்தா வீடே காலி. என் சம்சாரத்தையும் கார்ல கடைக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். பெரிய மருமக மட்டும்தான் இருக்கும்."

அவர் அதை மரியாதை என்று நினைத்தார். மரியாதை இல்லை, பயம். கூட்டமான வீட்டில் நாலு பேர் பார்க்க டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர அவளுக்குக் கூச்சம்.

ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ப் போய் அளந்தாள். அளப்பதில் அவளைக் குறை சொல்ல முடியாது. முளை அடித்து, கயிறு கட்டி, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தாள். சுவர் நிழல் எங்கே விழுந்து எங்கே நகர்கிறது என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். ஒரு பிடி மண்ணைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வைத்து, மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பார்த்தாள். பெரிய மருமகள் பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துவிடுவாள், ஒரு சொம்பு தண்ணீர் வைப்பாள், சமையலறை ஜன்னல் வழியே அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். இரண்டு பேரும் "வாங்க" "வரேங்க" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

சமையலறைக் கதவுக்கு வெளியே, குழாயடியை ஒட்டி, ஒரு துண்டு நிலம் மட்டும் புல்பூண்டு இல்லாமல் கட்டாந்தரையாக இருந்தது. அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளம். பாப்பா முளையை அடித்துப் பார்த்தாள், இறங்கவில்லை. 'மண் இறுகிவிட்டது. கொத்திவிட்டு உரம் போட்டுத் தரையில் படரும் செடி வைக்க வேண்டும்' என்று குறித்துக்கொண்டாள். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும்.

வரைபடம் நன்றாகவே வந்தது. கடைசி மூலையில் எலுமிச்சை மரம், அதுவரைக்கும் வளைந்து போகிற கல் பாதை, இரண்டு பக்கமும் உயரமான புற்கள், குழாயடிக் கட்டாந்தரை முழுக்கப் பச்சை. எலுமிச்சைக்குப் பின்னால், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஒருவர் உட்கார ஓர் இருக்கை. அந்த இருக்கையின் சாய்வு, அங்கே உட்கார்ந்தால் எந்தப் பூ கண்ணில் படும் என்பதையெல்லாம் யோசித்து யோசித்து வரைந்தாள். கலர் பென்சிலால் நிழல்கூடப் போட்டாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து காட்டச் சொன்னார் மரக்கடைக்காரர். கேட்டருகே வந்ததும் பாப்பாவுக்குக் கால் தயங்கியது. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமா என்று நம்பரைப் பார்த்தாள். வாசலெங்கும் செருப்பு. உள்ளே சந்தைக்கடை இரைச்சல். மரக்கடைக்காரர், அவர் மனைவி, பிள்ளைகள், மருமகள்கள், பெரும் உடம்போடு அவர் தம்பி, அந்தத் தம்பியை எல்லோரும் சித்தப்பா என்றார்கள். இதற்கு நடுவே ஓடுகிற குழந்தைகளில் எது யாருடையது என்று அந்த வீட்டாரே கணக்கு வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் படத்தை விரித்தார்கள். எல்லாத் தலைகளும் அதன் மேல் குனிந்தன.

"அழகா இருக்குல்ல?" என்றாள் ஒரு மருமகள்.

"படம் நல்லா வரையுறீங்க" என்றார் சித்தப்பா. விரலை வைத்துத் தேடினார். "இந்தச் சின்னக் கட்டம் என்ன?"

"உக்கார்ற எடம் சார்."

"எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

சித்தப்பா தன் உடம்பை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். "எனக்குன்னா இதுல பாதிதான் உக்காரும்மா. மீதிய எங்க வைக்கிறது?"

வீடு வெடித்துச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் பாப்பாவுக்குக் காது சுட்டது.

மரக்கடைக்காரரின் மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழாயடிப் பக்கத்தைத் தடவினாள். "ஏம்மா, இங்க என்ன பச்சையா அடிச்சிருக்கே?"

"அது படர்ற செடிங்க. அந்த மண்ணு கெட்டுப்போச்சு. கால் படாம விட்டா ரெண்டு வருஷத்துல சரியாயிடும்."

"கால் படாமலா? சாயங்காலம் ஆனா நாங்க எல்லாரும் அங்கதானே உக்கார்றோம்! அங்க செடிய வெச்சா நாங்க எங்க போறது?"

சிரிப்பு நின்றது. மரக்கடைக்காரர் படத்தை ஒரு தடவை தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். இதுல நாங்க எங்க இருக்கோம்?"

பாப்பா படத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"சரி, யோசிச்சு சொல்றோம்" என்றார் அவர். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உலகத்தில் தெரியாதவர்கள் உண்டா?

கேட்டைத் திறந்துவிட வந்தவள் பெரிய மருமகள்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு அந்த மூலை புடிச்சிருந்துது" என்றாள். உள்ளே யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

பஸ்ஸில் பாப்பாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர்களுக்கெல்லாம் எதற்குத் தோட்டம், ஒரு மைதானத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். ரசனை என்பது ஒரு துளி உண்டா? ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். வீட்டுக்கு வந்து படத்தை மேசையில் விரித்து, அவர்கள் சொன்ன குற்றத்தையெல்லாம் அதில் தேடினாள். அந்தக் கட்டாந்தரையில்தான் கண் நின்றது. அந்தப் பள்ளங்கள் நாற்காலிக் கால்கள். மண் கெட்டுப்போகவில்லை, ஒரு குடும்பம் தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகியிருக்கிறது. அதைப் போய் நோய் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெயிலை அளந்தாள், சரிவை அளந்தாள், களிமண்ணை அளந்தாள். ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனதில் ஆட்கள் மட்டும் விட்டுப்போனார்கள்.

அப்படியானால் இது யாருடைய தோட்டம்? யாரும் வராத பாதை, யாரும் பார்க்காத மூலை, ஒருத்தர் உட்கார ஓர் இடம். பாப்பா அதை மரக்கடைக்காரருக்கு வரையவில்லை. தனக்கு வரைந்திருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. தனக்கென்று ஒரு தோட்டம் வரைந்தபோதும் இன்னொரு நாற்காலி போட அவளுக்குத் தோன்றவில்லையே, அதை நினைத்துத்தான் அழுதாள். வாய்விட்டு அழுதாள். கீழ்வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று அழுதாள்.

விடுப்பு முடிய அதிக நாள் இல்லை. பேசாமல் ஆபீசுக்குப் போய்விடலாம் என்று புடவைகளைத் தேய்த்துக்கூட வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மரக்கடைக்காரர் வீட்டுக்குப் போன் செய்தாள். பெரிய மருமகள் எடுத்தாள்.

"நான் இன்னொரு தடவ வந்து பாக்கலாமா? இந்த வாட்டி எல்லாரும் இருக்கிற நேரமா. சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்குறேன்."

"தாராளமா வாங்கக்கா. யாரும் கடிக்க மாட்டாங்க."

போனாள். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதலில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளை மறந்துபோனார்கள். பிறகுதான் வீடு தெரிந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி, பின்வாசலின் உயரமான படியை இறங்க முடியாது. அதனால் சமையலறை வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து ஆட்சி நடத்துகிறாள். அவள் குரல் எட்டுகிற தூரம் வரைக்கும்தான் குடும்பம் உட்காரும். பெரிய இடம் சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம். சித்தப்பா நிழல் நகர நகர நாற்காலியோடு நகர்ந்தார். குழந்தைகள் சரிவான பக்கத்தில் உருண்டார்கள், அதைச் சமப்படுத்துவதாக வரைந்திருந்தாள். எல்லோருக்கும் ஓர் இடம் இருந்தது. பெரிய மருமகள் ஒருத்திதான் அன்று சாயங்காலம் முழுக்க உட்காரவே இல்லை. டீ கொண்டுவந்தாள், டம்ளர் எடுத்துப் போனாள், துணி எடுத்தாள், மாவு ஒட்டிய கையோடு குழந்தையைப் பிடித்தாள். பாப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரைச்சல் அவளுக்குப் பழகவில்லை, தலை வலித்தது. ஆனால் கிளம்ப மனசு வரவில்லை. "சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று மாமியார் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தின்றுகொண்டே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கூப்பிட்டால் சரி என்று சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்.

புதுப் படத்தில் கட்டாந்தரை அப்படியே இருந்தது. அதன் மேல் கல் பரப்பி, சமையலறை வாசலில் படியை எடுத்துச் சாய்தளம் போட்டு, சுவரோரம் நீளப் பெஞ்சு வைத்தாள். பலகை மரக்கடையிலிருந்தே வரட்டும் என்றாள். சித்தப்பாவின் நாற்காலி நிழலோடு நகரத் தடையில்லாமல் வழி விட்டாள். சரிவைத் தொடவில்லை, புல் மட்டும் போட்டாள். காட்டப் போன அன்று மேசையைச் சுற்றி நின்றவர்கள் தங்களைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். "இது நான்", "இது பாட்டி கால்" என்று குழந்தைகள் விரல் வைத்தன.

"எலுமிச்சைக்குப் பின்னாடி அந்த ஒத்தைக் கட்டம் இன்னும் இருக்கே, இது எதுக்கு?" என்றார் மரக்கடைக்காரர்.

பாப்பா வாயைத் திறக்குமுன் பெரிய மருமகள், "அது துணி மடிக்க மாமா. அங்க காத்து நல்லா வரும்" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"துணி மடிக்கன்னா இருக்கட்டும்" என்றாள் மாமியார்.

"யோசிச்சு சொல்றோம்" என்றார் மரக்கடைக்காரர். அன்றைக்கும் அதே வார்த்தை. பாப்பா வீட்டுக்கு வந்து, தேய்த்த புடவைகளை எடுத்துக் கைக்கு வாகாக அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

விடுப்பின் கடைசி வாரம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் ரம்பச் சத்தத்தோடு போன் வந்தது. "மேடம், ஆரம்பிச்சிடுங்க! பலகைய அறுக்கச் சொல்லிட்டேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பாப்பா நடு அறையில் நின்றாள். சந்தோஷம் வந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது பாதிதான் வந்த மாதிரி இருக்கும். அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"மீட்டிங்ல இருக்கேன் பாப்பா. அவசரமா?"

"இல்லண்ணா."

"ஞாயித்துக்கிழமை பேசுறேன்."

அடுத்து ஆபீஸ் ஞாபகம் வந்தது. எத்தனையோ வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் ஆயிற்றே என்று அவளைக் கூப்பிட்டு, வேலையை விடப்போவதைச் சொன்னாள்.

"ஓ, அப்படியா? நல்லது நல்லது" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "அப்ப உன் நாற்காலிய நான் எடுத்துக்கவா? அதுல முதுகு வலிக்கிறதில்ல."

"எடுத்துக்கோ" என்று பாப்பா வைத்தாள்.

கீழே இறங்கிப் பார்த்தாள். கீழ்வீடு பூட்டியிருந்தது. மறுபடி ஏறினாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளினாள். பாதிப் பேர் பிளம்பர், நர்சரி, டாக்டர். வாழ்க்கையில் நினைத்தது நடந்த நாளில், நடந்தது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. வெட்கமாகக்கூட இல்லை. பயமாக இருந்தது.

கடைசியில் விரல் போய் அந்த மரக்கடைக்காரர் வீட்டு எண்ணில்தான் நின்றது. குழாய் வாயின் அகலம் கேட்க வேண்டும் என்று ஒரு சாக்கைத் தயார் செய்துகொண்டாள்.

"ஹலோ" என்றாள் பெரிய மருமகள். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். "சொல்லுங்கக்கா. ஏதாவது அளவு வேணுமா?"

"இல்ல." சாக்கு மறந்துவிட்டது. "எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு."

அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஒரு தோட்டம். இதான் மொதல் தோட்டம். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அதான்."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலை கொடுத்த வீட்டுக்கே போன் செய்து, வேலை கிடைத்துவிட்டது என்று சொல்கிறவளை என்னவென்று நினைப்பார்கள்? வைத்துவிடலாமா என்று பார்த்தாள்.

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"அப்படியாக்கா! யாரு வீடு?" என்றாள் பெரிய மருமகள்.

பாப்பாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஒரு மரக்கடைக்காரர் வீடு."

"பெரிய எடமா?"

"எடம் பெருசுதான். ஆளுங்க அதவிட ஜாஸ்தி."

"அய்யய்யோ! ஆளுங்க எப்படி?"

"நல்லவங்கதான். கொஞ்சம் சத்தம்."

"கொஞ்சமா?" அவள் சிரித்தாள். "எனக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்ல, வீட்டுல யாரும் இல்ல. எப்படி கிடைச்சுதுன்னு மொதல்லேருந்து சொல்லுங்க."

பாப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.